தாம்பாளத்தில் வைத்த ஈட்டி

கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் என் பேத்தி கலா சூப்பர்வைசராக இருக்கிறாள். போன மாதம் ஒரு நாள் வேலை முடிந்து வந்தவள், தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். அன்றைக்கு அவர்களுக்கு வகுப்பாம். எந்தச் சொல்லைச் சொல்லலாம், எந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்று சொல்லித்தரும் வகுப்பு. அவர்கள் செய்கிற சின்னஞ்சிறு மின்பொருள் கடைசியில் எதற்குள் போய்ச் சேருகிறது என்று யாராவது கேட்டால் "பாகம்" என்று மட்டும் பதில் சொல்ல வேண்டுமாம். அது ஏவுகணைக்குள் போகிறது என்று கேண்டீனில் ஒரு பேச்சு. உண்மையா பொய்யா என்று அவளுக்கும் தெரியாது, வகுப்பெடுத்தவருக்கும் தெரியாது.

"கையால தொடவே கூடாது லா தாத்தா. ட்ரேயில வச்சு அடுத்த டிபார்ட்மெண்டுக்குத் தள்ளிவிடணும். அதுக்கப்புறம் நமக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு அந்த மேடம் சொல்றாங்க," என்றாள்.

நான் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று மடியில் விழுந்தது. அந்த மேடம் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் அதே வகுப்பில் நான் நின்றிருக்கிறேன். ட்ரேகூட எங்கள் வீட்டுடையதுதான். கலா நம்பவில்லை. பாதிக் கதை சொல்வதற்குள் உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கியும் போனாள். ஷிப்ட் வேலை அப்படி. ஓய்வு பெற்றோர் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் வேறு பார்க்கும்போதெல்லாம் நச்சரிக்கிறார். ஆகவே மீதிக் கதையை இங்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் தூங்கினால் எனக்குத் தெரியப்போவதில்லை.

நான் பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, சுங்கைப்பட்டாணியில் ஒரு லாரிப் பட்டறையின் ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். முதல் வருஷம் துருத்தி இழுத்தேன். அடுத்த வருஷம் சம்மட்டி அடித்தேன். மூன்றாம் வருஷம் என்னை நம்பிக் குறடைக் கையில் கொடுத்தார்கள், நான் பழுக்கக் காய்ந்த இரும்பை என் காலிலேயே போட்டுக்கொண்டேன். தழும்பு இன்னும் இருக்கிறது. என் தொழிற்பயிற்சிக்குக் கிடைத்த சான்றிதழ் அது ஒன்றுதான்.

பட்டறைக்குப் பெரியவர் வேலு ஆசாரியார். குள்ளமானவர். உலைச் சூட்டில் மீசை ஒரு பக்கம் எப்போதும் கருகியிருக்கும். மறுபக்கத்தை அதற்குச் சமமாகக் கத்தரித்துக்கொள்வார். வேலையில் தப்புச் செய்தால் திட்ட மாட்டார். நாம் செய்த பொருளைக் கையில் எடுத்து, நோய்வாய்ப்பட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கீழே வைப்பார். அதற்குத் திட்டே தேவலாம்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. நம் வீடுகளிலும் உள்ளதுதான்: கத்தியைக் கையோடு கை கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் பகை வரும் என்பது. எல்லா வீட்டிலும் சொல்வார்கள், அவசரத்தில் எல்லோரும் மறப்பார்கள். கல்யாணமான அடுத்த வாரம் என் மனைவி செல்லம்மா மீன் வெட்டும் கத்தியை நேராக என் கையில் கொடுத்துவிட்டாள். எங்கள் வீட்டுச் சண்டைகளுக்கெல்லாம் அதுதான் மூலகாரணம் என்று நான் இன்றுவரை சாதிக்கிறேன். ஆசாரியார் மட்டும் ஒரு நாளும் மறந்தது கிடையாது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியோ, காடு வெட்டும் பாராங் கத்தியோ, கோழி வெட்டும் சின்னக் கத்தியோ, முனையோ கூரோ உள்ள எதையும் தரையில் வைப்பார். பிடி வாங்குகிறவர் பக்கம் இருக்கும். வைத்துவிட்டு ஓர் அடி பின்னால் போய், "எடுத்துக்கப்பா. இனி உன் கத்தி," என்பார். அந்த வார்த்தையைக் கேட்காமல் யாரும் எடுக்கக் கூடாது.

இதைக் கேலி செய்வதற்கென்றே ஓர் ஆள் இருந்தான். அவருடைய தங்கை மகன் கோவிந்தன். பால்வெட்டுத் தொழிலாளி. என் வயதுதான். "நீங்க வச்ச கத்தியால நான் ஒருத்தனை வெட்டிட்டா பாவம் தரைக்கா மாமா?" என்று கேட்பான். "அது உன் பாடு. நான் வச்சதோட சரி," என்பார் அவர். நான் பிற்காலத்தில் பல கம்பெனிக்காரர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு இதையே பேசக் கேட்டிருக்கிறேன். ஆசாரியார் சட்டையில்லாமல் சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜப்பான்காரன் வந்தான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு தெற்கே ஓடினார். ஓடுகிற அவசரத்தில் அவருடைய இரண்டாவது கார் ஷெட்டிலேயே நின்றுவிட்டது. ரப்பர் வாங்க ஆளில்லை, மரத்தில் பால் வெட்டுவதும் பாதியாகக் குறைந்தது, சோற்றுக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு வந்தது. அப்போதுதான் எங்கள் பட்டறைக்கு மொரிதா என்பவரைப் பொறுப்பாகப் போட்டார்கள். இராணுவச் சட்டை, மூக்குக்கண்ணாடி, எப்போதும் துடைத்துக்கொண்டே இருப்பார். அவர் அப்பா ஊரில் மண்வெட்டி அடிக்கிறவராம். உலைக்குப் பக்கத்தில் வந்து இரும்பின் நிறத்தைப் பார்த்தே "சுடா," அதாவது மலாயில் போதும், என்பார். ஆசாரியார் எடுக்க நினைத்த அதே நொடியில் சொல்வார். அந்த ஒரு சொல்லைத் தவிர இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. ஆனாலும் மணிக்கணக்கில் இரும்பைப் பார்த்துக்கொண்டு சேர்ந்து நிற்பார்கள்.

எங்களுக்கு இட்ட வேலை ஈட்டிமுனை அடிப்பது. ஊர்க்காவல் படை என்று பையன்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்குத் துப்பாக்கி கொடுக்க மனமில்லை. மூங்கில் கழியில் இரும்பு முனை மாட்டிக் கொடுப்பது என்று முடிவு. இரும்புக்கு எங்கே போவது? துரையின் கார்தான். அதன் ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி, செக்கச் சிவக்கக் காய்ச்சி, உளி வைத்துத் துண்டு போடுவோம். ஒரு பாதியை இலைபோலத் தட்ட வேண்டும். மறு பாதியைத் தகடாக அடித்து, இரும்புக் கம்பியைச் சுற்றி உருட்டிக் குழலாக்கினால் மூங்கில் அதற்குள் போய் உட்காரும். குழல் சேருமிடம் வாய் பிளக்காமல் இருக்க வேண்டும், அங்கேதான் கைத்திறன். பிறகு மறுபடி காய்ச்சி எண்ணெயில் தோய்ப்போம். தேய்த்துப் பளபளப்பாக்கி, வைக்கோல் நிறம் வரும் வரைக்கும் இளஞ்சூட்டில் காட்டுவோம். வைக்கோல் நிறம் தாண்டி நீலத்துக்குப் போனால் பதம் போயிற்று. எல்லாம் முடிந்ததும் ஆசாரியார் குழலின் அடியில் மூன்று புள்ளி குத்துவார். அவர் செய்த எந்தப் பொருளிலும் அந்த மூன்று புள்ளி இருக்கும்.

இனி வகுப்புக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்துக் கிராணி சதாசிவம், அதாவது ஆபீஸ் குமாஸ்தா, நிப்பொன் என்கிற ஜப்பான் பாஷை படித்து மொழிபெயர்ப்பாளர் ஆகியிருந்தார். துரை காலத்தில் துரையைப்போல் இருமுவார். இப்போது ஜப்பான்காரரைப்போல் குனிந்தார். பழக்கதோஷத்தில் தபால்பெட்டிக்குக்கூடக் குனிவதைப் பார்த்ததாகக் கோவிந்தன் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஒரு நாள் காலை அவர் எங்களை வரிசையாக நிறுத்தி வகுப்பெடுத்தார்.

"இன்னியிலேருந்து இங்க ஈட்டின்னு ஒண்ணு கிடையாது. இது நீளத்துண்டு. வாள்னு ஒண்ணு கிடையாது, அது அகலத்துண்டு. ஆயுதம்கிற வார்த்தையே யாரும் வாயில எடுக்கக் கூடாது. இது ஆயுதப் பட்டறையும் இல்ல, ஒத்துழைப்புக் கூடம். யாராச்சும் கேட்டா, ஒத்துழைப்புக்குத் துண்டு செய்றோம்னு சொல்லணும். விளங்குதா?"

"கோழி வெட்டுற கத்திக்கு என்ன பேரு கிராணி ஐயா?" என்று நான் கேட்டேன்.

அவர் உள்ளே போய் மொரிதாவிடம் கேட்டுக்கொண்டு வந்தார். "அது கத்தியேதான்," என்றார்.

சிரித்தோமே தவிர, யாரும் அந்தப் பட்டறையை விட்டுப் போக நினைக்கவில்லை. காரணம் எங்கள் கையில் இருந்தது. ஒத்துழைப்புக் கூடத்தில் வேலை செய்கிற ஒன்பது பேருக்கும் ஒரு வெள்ளைக் கைப்பட்டை கொடுத்திருந்தார்கள். அதைக் கட்டியிருப்பவனைச் சயாமுக்குப் பிடித்துப் போக மாட்டார்கள். சயாமில் ரயில்பாதை போடத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. என் மூத்தவன் அப்போது கைக்குழந்தை. குளிக்கும்போதுகூட நான் அந்தப் பட்டையை அவிழ்த்தது இல்லை. கோவிந்தனையும் பட்டறைக்கு வந்துவிடச் சொல்லி ஆசாரியார் ஆரம்பத்திலேயே கெஞ்சினார். "உங்க புகையைக் குடிச்சா எனக்கும் பாதி மீசைதான் மிஞ்சும் மாமா," என்று சொல்லிவிட்டு அவன் கிழங்கு நடப் போய்விட்டான். பிறகு கேட்டபோது, ஒன்பதுக்கு மேல் பட்டை கிடையாது என்று மொரிதா சொல்லிவிட்டார்.

முதல் தொகுதி முடிந்த சனிக்கிழமை, மொரிதா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார். ஆசாரியார் முதல் ஈட்டியைக் கொண்டுவந்து, அவர் பூட்ஸுக்கு முன்னால் தரையில் வைத்தார். ஓர் அடி பின்னால் போனார். "எடுத்துக்கப்பா. இனி உன் ஈட்டி," என்றார். நீளத்துண்டு என்பதை அவர் கடைசிவரைக்கும் படிக்கவே இல்லை.

மொரிதாவின் முகம் வெளுத்துவிட்டது. அவர்களுக்கு அது சக்கரவர்த்தியின் பொருளாம். அதைத் தரையில் போடுவது சக்கரவர்த்தியையே தரையில் போடுவதாம். ஓர் அறை விழுந்தது. கிராணியாருக்குத்தான். யார் என்ன தப்புச் செய்தாலும் முதல் அறை அவருக்கு விழுவது வழக்கமாகிவிட்டிருந்தது. அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உத்தரவை எங்களுக்குச் சொன்னார்: அடுத்த சனிக்கிழமை இரண்டு கையாலும் ஏந்தி, குனிந்து, கையில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கூடத்தை மூடிவிட்டு ஒன்பது பேரையும் சயாமுக்கு அனுப்பிவிடுவார்.

அந்த வாரம் முழுதும் எங்களுக்குத் தூக்கம் இல்லை. ஒவ்வொருவராக ஆசாரியாரிடம் போய்க் கெஞ்சினோம். அவர் சொன்ன பதிலைக் கேட்டு எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"எனக்கு அந்த மனுசன்மேல என்னடா கோவம்? இரும்பு தெரிஞ்சவன். கையில குடுத்தா அவனுக்கும் எனக்கும் பகை வந்துரும். அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன், அவனுக்கு விளங்கமாட்டேங்குது."

வழி சொன்னவள் செல்லம்மா. குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, "தட்டுல வச்சு நீட்டுங்க. தரையிலயும் இல்ல, கையிலயும் இல்ல. தாலியே தட்டுல வச்சுத்தானே எல்லார்கிட்டயும் போகுது?" என்றாள். எங்கள் கல்யாணத்துப் பித்தளைத் தாம்பாளத்தை, ஜப்பான்காரன் கண்ணில் பட்டால் உருக்கிவிடுவான் என்று, மண்ணில் புதைத்து வைத்திருந்தாள். அதைத் தோண்டி எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள்.

ஆசாரியார் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை தாம்பாளத்தில் வெற்றிலை பரப்பி, அதன்மேல் ஈட்டிமுனையை வைத்து, இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார். பாரத நாட்டின் மிக உயர்ந்த மரியாதை இது என்று கிராணியார் ஏதோ நீட்டி முழக்கினார். மொரிதா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஈட்டியை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டார். "பாகுஸ்! பாகுஸ்!" என்றார். அவர் நல்லா இருக்கு என்று மலாயில் சொன்ன முதல் நாள் அது. அப்புறம் சனிக்கிழமைதோறும் எங்கள் பட்டறையில் நிச்சயதார்த்தம்தான். மொரிதாவின் சைக்கிள் மணி கேட்டதும், "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாச்சு," என்று ஒருவர் குரல் கொடுப்பார், இன்னொருவர் வெற்றிலை தேடி ஓடுவார். எங்களுக்கு உயிர் மிஞ்சிய சந்தோஷம். அந்த ஈட்டிகள் எந்த மூங்கிலில் ஏறி எங்கே போகின்றன என்று ஒருவரும் கேட்டது கிடையாது. தாம்பாளம் நீட்டியதோடு சரி.

எங்கே போயின என்று ஒரு நாள் காலைப் பெரட்டில் தெரிந்தது. பெரட்டு என்றால் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு. எல்லோரும் திடலில் நின்றிருந்தோம். இரண்டு லாரிகள் வந்து நின்றன. ஊர்க்காவல் பையன்கள் இறங்கித் திடலைச் சுற்றி வளைத்தார்கள். எல்லோர் கையிலும் ஈட்டி. குழலின் அடியில் மூன்று புள்ளி. எனக்கு மிகப் பக்கத்தில் நின்ற பையன் கையிலிருந்ததை உருட்டியது நான்தான். குழல் சேர்ந்த இடம் கொஞ்சமும் பிளக்கவில்லை.

கிராணியார் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, சயாமில் மூன்று மாதத் தொண்டுக்குத் தொண்டர்கள் தேவை என்று சொன்னார். தொண்டர் என்பதும் வகுப்பில் படித்த சொல்தான். கைப்பட்டை கட்டிய எங்களை ஈட்டிகள் விலக்கிக்கொண்டு போயின. மற்றவர்களை லாரிப் பக்கம் நெருக்கின. பெண்கள் கத்தினார்கள். கோவிந்தன் ஓடப் பார்த்தான், ஓட இடமில்லை. ஒரு முனை அவன் விலாவில் வந்து நின்றது. அவன் கையைத் தூக்கியபடி திரும்பி எங்களைப் பார்த்தான். அந்த நேரத்திலும் அவனுக்குக் கேலி போகவில்லை.

"நல்லாத்தான் கூரா இருக்கு மாமா," என்றான்.

லாரி போய்விட்டது. ஆசாரியார் திடலிலேயே நின்றார். அவர் தங்கை அவர் காலடியில் உட்கார்ந்து மண்ணில் அடித்துக்கொண்டு அழுதாள். நாங்கள்தான் இருவரையும் கூட்டிக்கொண்டு போனோம்.

அந்த வாரம் அவர் கிராணியாரை அழைத்துக்கொண்டு மொரிதாவிடம் போய்க் கோவிந்தனைக் கேட்டார். தொண்டர்கள் மூன்று மாதத்தில் மகிழ்ச்சியோடு திரும்பி வருவார்கள் என்று பதில் வந்தது. மொரிதா அதை நம்பித்தான் சொன்னார் என்றே எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. அவருக்கும் மேலே யாரோ வகுப்பெடுத்திருப்பார்கள். பட்டறையில் நாங்கள் கொதித்தோம். இனி அடிக்கிற ஈட்டிகளுக்குப் பதத்தைக் கெடுத்துவிடலாம், குத்தினால் முனை ஒடியட்டும் என்று நான் சொன்னேன். ஆசாரியார் அதைத் தடுத்தார்.

"ஒடிஞ்சா யாரைடா அடிப்பாங்க? அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற பையனை. அவனும் எவன் வீட்டுப் பிள்ளையோ. அதெல்லாம் வேணாம். இது எனக்கும் அந்தாளுக்கும் உள்ள கணக்கு."

சனிக்கிழமை வந்தது. சைக்கிள் மணி கேட்டது. அன்றைக்கு ஒருவரும் மாப்பிள்ளை என்று சொல்லவில்லை. நான் வழக்கம்போலத் தாம்பாளத்தில் வெற்றிலை பரப்பி ஆசாரியார் பக்கத்தில் வைத்தேன். மொரிதா வந்து நின்று, ஈட்டியை எடுக்கக் கைகளை நீட்டினார். ஆசாரியார் தாம்பாளத்தை இடது கையால் ஓரமாகத் தள்ளினார். ஈட்டிமுனையை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தி, இடுப்பை வளைத்துக் குனிந்து, நேராக மொரிதாவின் கைகளில் வைத்தார். கையோடு கை தொட்டது. எங்கள் ஒன்பது பேருக்கும் அது என்னவென்று தெரியும். கிராணியாருக்கும் தெரியும், அவர் வீட்டிலும் கத்தி இருந்தது. அந்த வட்டாரத்திலேயே ஜப்பானுக்கு எதிராக முறைப்படி யுத்தம் அறிவித்த ஒரே ஆள், பாதி மீசை கருகிய எங்கள் ஆசாரியார்தான். அறிவிப்பை வாங்கிக்கொண்டவருக்கோ ஆனந்தம் தாங்கவில்லை. அவர் முதல் வாரமே கேட்ட மரியாதை அல்லவா கிடைத்திருக்கிறது!

"இந்தா, கையிலயே வாங்கிக்க," என்றார் ஆசாரியார், அவர் முகத்தைப் பார்த்து. "இன்னியிலேருந்து உனக்கும் எனக்கும் பகை. பகையாளிக்கு நான் ஈட்டி அடிக்க மாட்டேன்."

மொரிதா சிரித்த முகத்தோடு கிராணியார் பக்கம் திரும்பினார். என்ன சொல்கிறார் என்று கேட்டார். உள்ளதை உள்ளபடி சொன்னால் ஆசாரியாரின் தலை போகும். எங்கள் கைப்பட்டையும் போகும். சொல்லாவிட்டால், பிறகு தெரியவந்தால், கிராணியாரின் தலை போகும். நிப்பொன் பாஷையில் தடுமாறிவிடுவோம் என்று பயந்தோ என்னவோ, அவர் மலாயில் சொன்னார். அதனால் எனக்கும் விளங்கியது.

"துவான், இவர் உங்களைச் சொந்தக் குடும்பத்தில் ஒருவராக ஏற்றுக்கொண்டார். குடும்பத்து மனிதருக்கு நீளத்துண்டு செய்வது எங்கள் வழக்கம் இல்லை. உங்கள் தந்தை செய்ததுபோல மண்வெட்டி செய்துதர ஆசைப்படுகிறார். பசியோடு போராடவும் ஆயுதம் வேண்டுமல்லவா? அதற்கு மண்வெட்டிதான் ஆயுதம்."

ஆயுதம் என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது என்று எங்களுக்கு வகுப்பெடுத்த அதே வாய். மொரிதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. ஆசாரியாருக்கு முன்னால் குனிந்தார், வெகுநேரம் நிமிரவே இல்லை. ஆசாரியார் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. நல்ல சிநேகிதரை இழக்கிற வருத்தம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கிழங்கு பயிரிடச் சொல்லி மேலிடத்திலிருந்து கெடுபிடி வந்துகொண்டிருந்த சமயம் அது, அதனால் விஷயம் எடுபட்டது. அடுத்த வாரத்திலிருந்து நாங்கள் மண்வெட்டி அடித்தோம். கிராணியார் அவற்றை முதல்தர ஆயுதம் என்றே மேலே சொல்லிவந்தார், அதனால் எங்கள் கைப்பட்டை கையிலேயே இருந்தது. ஆசாரியார் மண்வெட்டிகளைத் தரையில் வைத்தார், மொரிதா ஒன்றும் சொல்லவில்லை. குடும்பத்துக்குள் மரியாதை பார்ப்பதில்லை என்று கிராணியார் விளக்கம் கொடுத்திருப்பார். ஆனால் உலைக்குப் பக்கத்தில் மொரிதா வந்து நின்றால் ஆசாரியார் எழுந்து வெளியே போய்விடுவார். அவர் ஏன் போகிறார் என்று மொரிதாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஈட்டிக்கு வேறொரு பட்டறையைப் பிடித்துவிட்டார்கள் என்று கொஞ்ச நாளில் கேள்விப்பட்டோம். ஈட்டிகள் நிற்கவில்லை. மூன்று புள்ளி மட்டும் நின்றது.

சண்டை முடிந்தது. மொரிதாவை எங்கே கொண்டுபோனார்களோ தெரியாது. துரை திரும்பி வந்தார், வந்ததும் தன் காரைக் கேட்டார். "ஒத்துழைப்புக்குப் போய்விட்டது சார்," என்றார் கிராணியார், மறுபடி பழைய இருமலோடு. சயாமுக்குப் போனவர்களும் ஒருவர் இருவராக வந்தார்கள். லாரி கொண்டுபோனது எத்தனையோ பேரை, வந்தவர்கள் கொஞ்சம்தான். கோவிந்தன் வரவில்லை. ஆசாரியார் அவனுக்கென்று ஒரு பால் வெட்டும் கத்தி அடித்துச் சுவரில் மாட்டியிருந்தார். அந்தக் கத்திக்குத் துரு ஏறவிடாமல் எண்ணெய் போட்டுக்கொண்டே இருந்தார். யாராவது விலைக்குக் கேட்டால், "அதுக்கு ஆள் இருக்கு," என்பார்.

எல்லோரும் நம்பிக்கை விட்ட பிறகு ஒரு நாள் மத்தியானம் பட்டறை வாசலில் ஒருவன் கழியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றான். எனக்கு அடையாளம் தெரியவில்லை. வலது கால் முழங்காலுக்குக் கீழே துணி சுற்றியிருந்தது. சயாமில் எல்லோருக்கும் வந்த புண்தான். ஆறினாலும் கால் மடங்காமல் போயிருந்தது.

"உங்களுக்கு இன்னும் பாதி மீசைதானா மாமா?" என்றான் வந்தவன்.

ஆசாரியார் சுவரிலிருந்து கத்தியை எடுத்தார். அவனிடம் வந்தார். வழக்கம்போலத் தரையில் வைக்கக் குனிந்தவர், அவன் காலைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். பிறகு நிமிர்ந்து, கத்தியை அவன் கைக்கு நேராக நீட்டினார்.

"கையிலயே வாங்கிக்கப்பா," என்றார். "பகை வந்தா வரட்டும். உன்னை லாரியில ஏத்தினது நான் அடிச்ச இரும்பு. என்னைப் பகைச்சுக்க உனக்கு உரிமை இருக்கு."

பட்டறையில் சம்மட்டிகள் நின்றுவிட்டன. கோவிந்தன் கத்தியைப் பார்த்தான், மாமனைப் பார்த்தான். கையை நீட்டவில்லை.

"கீழ வைங்க மாமா," என்றான்.

"உன்னால குனிய முடியாதுடா."

"வைங்க."

அவர் வைத்தார். பிடி அவன் பக்கம். ஓர் அடி பின்னால் போனார். சொல்ல வேண்டிய வார்த்தை அவர் வாயில் வரவில்லை. கோவிந்தன் கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மடங்காத காலைப் பின்னால் நீட்டி, மற்றக் காலை மடக்கி, கையைத் தரையில் ஊன்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினான். அவன் நெற்றியில் வேர்த்தது. நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினான். வெகுநேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் நாங்கள் யாரும் வேறெங்கும் பார்க்கவில்லை. கத்தியின் பிடியில் அவன் கை பட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன்.

"எடுத்துட்டேன் மாமா," என்றான் தரையில் இருந்தபடியே. "இனி என் கத்தி."

ஆசாரியார் தலையாட்டினார். திரும்பிப் போய்த் துருத்தியை இழுக்க ஆரம்பித்தார். உலையில் இரும்பு எதுவும் இல்லை.